முன்னால் ஒரு எஸ்கார்ட், பின்னால் ஒரு எஸ்கார்ட்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எஸ்கார்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மார்பில் குத்தியிருக்கிற பேட்ஜிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது, ஆரஞ்சு எழுத்தில்: எஸ்கார்ட், எண் ஒன்பது. நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. வார்டிலிருந்து ஸ்கேனுக்கு, ஸ்கேனிலிருந்து வார்டுக்கு, அங்கிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு. ஊசி போடுவது, மருந்து கொடுப்பது எல்லாம் மற்றவர்கள் பாடு. நடுவில் இருக்கிற வழி மட்டும் அவளுடையது. பதினொரு வருஷம் அந்த வழியிலேயே ஓடிவிட்டது. எவ்வளவு தூரம் நடந்திருப்பாள் என்று யோசித்தால் நமக்கே கால் வலிக்கும், விட்டுவிடுவோம்.

சும்மா தள்ளிக்கொண்டு போகிற வேலைதானே என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும். ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவதிலும் ஒரு முறை இருக்கிறது. நோயாளியின் கால் முன்னால் போக வேண்டும். தள்ளுகிறவள் தலைமாட்டில் நிற்க வேண்டும், பார்வை எப்போதும் பாதையில் இருக்க வேண்டும். எந்தச் சக்கரம் மக்கர் பண்ணும், எந்த லிஃப்ட் வாசலில் ஒரு விரல் மேடு உண்டு, எந்தத் திருப்பத்தில் துடைப்ப வாளியைப் போட்டுவிட்டுப் போவார்கள் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தலைமாட்டிலேயே நின்று நின்று, அவள் பார்த்த முகமெல்லாம் தலைகீழ் முகம். நேராக எழுந்து உட்கார்ந்தால் அவளுக்கு ஆளையே அடையாளம் தெரியாது.

படுத்திருக்கிறவனுக்கோ மேல் கூரையும் விளக்கும் தவிர ஒன்றும் தெரியாது. எங்கே போகிறோம், எப்போது போய்ச் சேருவோம் என்று தெரியாமல் மல்லாந்து கிடப்பது பெரிய கொடுமை. அதனால் அவள் பேசிக்கொண்டே போவாள். இப்போ ஒரு மேடு, கொஞ்சம் குலுங்கும். இங்கே குளிர்க்காற்று அடிக்கும், போர்வையை இழுத்துக்குங்க. ரெண்டே திருப்பம், அவ்வளவுதான். ஐந்து திருப்பம் இருந்தாலும் அவளுக்கு ரெண்டுதான், ஒன்று இருந்தாலும் ரெண்டுதான். யாரும் எண்ணிப் பார்த்துச் சண்டைக்கு வந்ததில்லை.

இதையெல்லாம்விடப் பெரியது சீட்டு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டு. எங்கிருந்து, எங்கே, கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர். அந்தக் கடைசிக் கட்டத்தில் கையெழுத்து விழுகிற வரைக்கும் நோயாளி அவள் பொறுப்பு. ஆகாசமே இடிந்து விழுந்தாலும் ஸ்ட்ரெச்சரைவிட்டு நகரக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் சொன்ன இன்னொரு விதியும் உண்டு: சொந்தக்காரர்களை நீங்கள் தள்ளக் கூடாது. கை நடுங்கும், கண் கலங்கும், பாதை தெரியாது. நியாயமான விதிதான். அவளும் அன்றைக்குத் தலையாட்டினாள்.

எஸ்கார்ட் என்கிற வார்த்தை அவள் வீட்டுக்குப் புதிதில்லை. அவள் வேலைக்குச் சேருவதற்குப் பல வருஷம் முன்பே அவள் புருஷன் எஸ்கார்ட். அவருடையது நெடுஞ்சாலை வேலை. காற்றாலை இறக்கை, வீட்டு உயர டிரான்ஸ்பார்மர் என்று பெரிய பெரிய சாமான் ஏற்றிய நீள லாரிகள் போகும்போது, முன்னால் மஞ்சள் விளக்கு சுழல ஒரு ஜீப் போகுமே, அதை ஓட்டுகிறவர். ஒரு பர்லாங் முன்னால் போய்ப் பாதையைப் பார்ப்பார். கம்பி தாழ்வாகத் தொங்கினால் கழியால் அளப்பார். வளைவு குறுகலாக இருந்தால் எதிரே வருகிற வண்டியை மறிப்பார். எல்லாவற்றையும் வாக்கி டாக்கியில் பின்னால் வருகிற டிரைவருக்குச் சொல்லிக்கொண்டே போவார். நீ முன்னால் போகிறவர்களைப் பின்னாலிருந்து தள்ளுகிறாய், நான் பின்னால் வருகிறவனுக்கு முன்னாலிருந்து வழி சொல்கிறேன், நம் குடும்பத்தில் யாரும் வழி தவற முடியாது என்பார். இந்த ஜோக்கை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. அவளுக்குக் கேட்டுக் கேட்டு காது புளித்துப்போனது.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இந்த வார்த்தையால் ஒரு கூத்து நடந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா, பெண்ணோட அப்பா என்ன பண்றார் என்று கேட்டார். எஸ்கார்ட். அம்மா? அவங்களும் எஸ்கார்ட். பெரியப்பாவுக்குக் காபி புரையேறிவிட்டது. போனில் கண்ட கண்ட விளம்பரத்தில் அந்த வார்த்தையை அவர் எதற்குப் பார்த்திருந்தாரோ, நமக்கென்ன. அவள் புருஷன் கொஞ்சமும் அசராமல் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பாடம் எடுக்க ஆரம்பித்தார். மந்திரி காருக்கு முன்னால் போகிற போலீஸ் வண்டி எஸ்கார்ட். ஜெயிலில் இருக்கிறவனைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிற ஏட்டு எஸ்கார்ட். பரீட்சைத் தாள் கட்டோடு வேனில் உட்கார்ந்து போகிறவர் எஸ்கார்ட். பள்ளிக்கூட வண்டியில் குழந்தைகளை இறக்கிவிடுகிற அம்மா எஸ்கார்ட். கடைசியில் அவர் சொன்னதுதான் அவள் மனதில் நின்றது.

"யாரையெல்லாம் தனியா அனுப்ப மனசு வரலையோ, அவங்க கூட எல்லாம் ஒரு எஸ்கார்ட் போவாங்க. அவ்வளவுதாங்க விஷயம்."

பெரியப்பா சமாதானமாகிவிட்டார். கல்யாணமும் நல்லபடியாக நடந்தது.

கல்யாணம் முடிந்து இரண்டாவது வருஷம் அவள் புருஷனுக்குக் குடலில் அடைப்பு வந்தது. அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். நான்காம் மாடி வார்டில் கதவை ஒட்டின கட்டில். ஜன்னல் ஓரம் காலியானபோது மாற்றித் தரட்டுமா என்று சிஸ்டர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டார். கதவுப் பக்கம் காற்று வருகிறது என்று அவர் சொன்னதை அவளும் நம்பினாள். ஒன்பது நாள் அங்கேதான் கதவைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஸ்ட்ரெச்சரோடு அந்த வழியாகப் போகும்போது அவளும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போவாள். நின்று பேச முடியாது, கையில் ஆள் இருக்கிறது.

பத்தாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆபரேஷன் என்று குறித்திருந்தார்கள். ஒரு மணிக்கு வேலை முடித்துக்கொள்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருந்தாள். தியேட்டர் சீக்கிரம் காலியாகிவிட்டது. பத்தரைக்கே அவரை அனுப்பச் சொல்லிவிட்டார்கள். அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. அவள் இடுப்பு எலும்பு முறிந்த ஒரு கிழவரை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள், எதிரே இன்னொரு ஸ்ட்ரெச்சர் வந்தது. அதில் அவள் புருஷன். தள்ளுகிறவன் வாய்ப்பூட்டு. பதினான்காம் எண் பேட்ஜ்காரனுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான், கேட்காததற்கு வாயே திறக்க மாட்டான். பக்கத்தில் மகள், அப்பாவின் செருப்பை ஒரு பையில் போட்டுப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

இரண்டு ஸ்ட்ரெச்சரும் அதனதன் இடப்பக்கம் ஒதுங்கிக் கடந்தன. அந்தக் கடக்கிற நேரத்தில் அவர் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். நிற்கவில்லை. ஆள் படுத்திருக்கிற ஸ்ட்ரெச்சரை வராந்தாவின் நடுவில் நிறுத்தக் கூடாது, பின்னால் லிஃப்ட் திறந்து கிடந்தது, கிழவர் முனகிக்கொண்டிருந்தார். ஒப்படைத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் ஓடி வந்துவிடலாம் என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள்.

எக்ஸ்ரே அறையில் டெக்னீஷியன் இல்லை. டீ குடிக்கப் போயிருந்தார். வரிசை வேறு நின்றது. சீட்டில் கையெழுத்து விழவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது ஆயிற்று. அவள் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். கிழவரிடம் இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிஷம் கழித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தியேட்டர் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, மகள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போயாகிவிட்டது. கத்தியே வைக்கவில்லையாம். மயக்கம் கொடுத்த கொஞ்ச நேரத்தில் இருதயம் நின்றுவிட்டதாம். அந்தச் செய்தியை மகள் ஒண்டியாகக் கேட்டிருக்கிறாள். செருப்புப் பை மடியில் இருந்தது.

"எங்கேம்மா போயிட்டே?" என்றாள்.

"எக்ஸ்ரேயில கையெழுத்து ஆகலை."

வாயில் வந்தது அதுதான். இன்னொரு பதில் அவளிடம் இருந்திருக்கலாம், அந்த நேரத்துக்கு அது கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, கொஞ்ச நேரத்தில் வாய்ப்பூட்டு அவரைக் கீழே கொண்டுபோகச் சீட்டோடு வந்து நின்றபோது, அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கிளம்பிய நேரம் போடலையே என்றாள். பேனாவை எடுத்து அவளே போட்டுக்கொடுத்தாள். மகள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மகள் அவளோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை, மூஞ்சியில் துப்பியிருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பாள். ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தடவை, காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பின பிறகு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: ரெண்டு நிமிஷம் நில்லுன்னுதான் அப்பா கேட்டாரு, நீ தலையை ஆட்டிட்டுப் போயிட்டே. அதன் பிறகு எது சொல்ல வேண்டுமானாலும் மாப்பிள்ளை மூலமாகத்தான். அத்தை, அவ அந்தப் பெட்டியைக் கேட்கிறா. அத்தை, அவ ஞாயிற்றுக்கிழமை வரலையாம். மாப்பிள்ளை நல்ல மனுஷன். நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார்.

அவள் அழவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். சிஸ்டர்கள் ஆளாளுக்கு வந்து தோளைத் தொட்டார்கள், அவள் சீட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் அது யாருடைய காலோ என்று இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் நின்றுகொண்டே சாப்பிட்டாள். டீயை வைத்துவிட்டு மறந்தாள், ஆறின டீயைக் குடித்தாள், சூட்டுக்கும் ஆறினதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவருடைய பளபளப்புப் பட்டை வைத்த ஆரஞ்சுச் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கியது. கதவைத் திறந்து மூடும்போது விளக்கு வெளிச்சம் பட்டு மின்னும். அதை எடுத்து மடித்து வைக்க வேண்டும் என்று தினமும் நினைப்பாள். எடுப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறதே.

ஒன்று மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு விரல். அவர் என்ன கேட்டார்? வாய்ப்பூட்டை ஒருநாள் லிஃப்டுக்குள் நிறுத்தி, அன்னைக்கு அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். ஒண்ணும் சொல்லலைக்கா என்றான். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. இரண்டு மாத்திரை என்றாரா? இஸ்திரிக்குப் போட்ட இரண்டு சட்டையா? இரண்டு மணி என்றார்களே என்ன ஆச்சு என்றாரா? யோசித்து யோசித்து, கடைசியில் மகள் சொன்ன இடத்திலேயே வந்து நிற்பாள். இரண்டு நிமிஷம்தான் கேட்டிருக்கிறார். மனுஷன் சாகப்போகிறோம் என்று தெரிந்தா கேட்டார், சும்மா இரண்டு நிமிஷம் கேட்டார், அதைக்கூடக் கொடுக்கவில்லை. இந்த எண்ணம் வரும்போதும் அவளுக்கு அழுகை வராது. சக்கரத்தில் நூல் சுற்றியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள்.

ஏழு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் மாப்பிள்ளை போன் பண்ணினார். மகளுக்குப் பித்தப்பையில் கல். எடுத்துவிட வேண்டுமாம், பயப்படும்படி ஒன்றும் இல்லையாம். டாக்டர் இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக்கொடுத்திருக்கிறார். பக்கத்தில் மகள் இருக்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"அத்தை, அவ ஒண்ணு சொல்லச் சொன்னா. நீங்க வரலாமாம். ஆனா பேட்ஜ் போட்டுக்கிட்டு வரக் கூடாதாம். நடுவுல எங்கேயாவது போறதா இருந்தா, அப்புறம் எப்பவுமே வர வேண்டாமாம்."

சரி மாப்பிள்ளை என்றாள். மறுநாளே லீவு கேட்டாள். சூப்பர்வைசருக்கு ஆச்சரியம், புருஷன் போனதற்கே நாலு நாள்தான் எடுத்தீங்க என்றார். தெரியாமல் சொல்லிவிட்டார், பாவம், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் பேட்ஜைக் கழற்றி லாக்கருக்குள் வைத்துப் பூட்டினாள். சாதாரணப் புடவையில் அந்த ஆஸ்பத்திரிக்குள் நடப்பது என்னவோ போல் இருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகள் வார்டில் பச்சைக் கவுனோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்தாள், முதலில் மார்பைத்தான் பார்த்தாள், பேட்ஜ் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளையை ரத்த வங்கிக்கு ஏதோ காகிதம் வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் போன கையோடு வாய்ப்பூட்டு ஸ்ட்ரெச்சரோடு வந்து நின்றான். அன்றைக்கு வந்ததும் இவனேதான். மகளுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

கிளம்பினார்கள். பழக்கதோஷம், அவள் கால் தானாகத் தலைமாட்டுக்குப் போனது. அக்கா, அது என் இடம் என்றான் வாய்ப்பூட்டு. அவள் பக்கவாட்டுக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஸ்ட்ரெச்சரில் போகிற ஒருத்தியின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். மகளின் கண் கூரையில் ஓடுகிற விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தது. உதடு வறண்டிருந்தது. பயம்தான், வேறென்ன. அம்மாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலவும் இருந்தது, சொன்னால் கோபித்துக்கொள்வாளோ என்றும் இருந்தது. ஒரு திருப்பம் போயிற்று, லிஃப்ட் போயிற்று. இரண்டாவது திருப்பமும் போயிற்று.

இன்னும் எவ்வளவு தூரம் என்று மகள் கேட்டாள். அம்மாவிடம் இல்லை, வாய்ப்பூட்டிடம். வாய்ப்பூட்டுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு சக்கரம் மக்கர் பண்ணியது, அவன் கவனம் அதில் போய்விட்டது.

இவள் கண் பாதையில் இருந்தது. எதிரே சலவைத் துணி வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. வாய் தன் பாட்டுக்குச் சொன்னது, ரெண்டே திருப்பம் என்று. கையும் தன் பாட்டுக்கு நீண்டு, மகளின் முகத்துக்கு மேலே போய், இரண்டு விரலைக் காட்டியது.

மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கெட்டியாகப் பிடித்தாள். இவள் குனிந்து பார்த்தாள். தன் கைதான். இரண்டு விரல் நீண்டிருந்தது. அது எப்போது நீண்டது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா, இது என்ன?" ஏழு மாதத்தில் மகள் நேராக அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

வாய்ப்பூட்டுதான் பேசினான். அக்கா எல்லாருக்கும் இதைத்தானே காட்டுது, படுத்திருக்கிறவங்களுக்குத் தெரியட்டும்னு, பார்வை வழியில இருக்கும், கை மட்டும் முன்னால வரும் என்றான். மகள் அவனைத் தலைகீழாகப் பார்த்தபடி, அப்பாவுக்கு இது தெரியுமா என்று கேட்டாள்.

வாய்ப்பூட்டு ஸ்ட்ரெச்சரைச் சுவர் ஓரமாக நிறுத்தினான். விதிப்படி நிறுத்தக் கூடாது. சலவை வண்டிக்காரர் என்னப்பா நடுவழியில் என்று முறைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்.

"தெரியாம என்ன? அவர் கட்டில் கதவு பக்கத்துலதானே. அக்கா போறப்பல்லாம் எனக்கு விரலைக் காட்டிச் சிரிப்பார். எங்க வீட்டம்மா பொய் சொல்லிக்கிட்டுப் போறா பாருங்க, நான் ஸ்கேனுக்குப் போனப்ப எண்ணிப் பார்த்தேன், அஞ்சு திருப்பம் இருக்குன்னு சொல்வார். அதைப் பார்க்கத்தான் அந்தக் கட்டிலை விட மாட்டேன்னுட்டார்."

"ஏன்டா என்கிட்ட சொல்லலை?" என்றாள் இவள்.

"அன்னைக்கு ஏதாவது சொன்னாரான்னு கேட்டீங்க. அன்னைக்கு ஒண்ணும் சொல்லலைக்கா. விரல் காட்டினதையும் நான் பார்க்கலை, லிஃப்டைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

இவனை என்ன செய்வது, சொல்லுங்கள். ஏழு மாதம் அவளோடு ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியிருக்கிறான்.

அவள் அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நில் என்று சொல்லவில்லை. இரண்டு நிமிஷம் கேட்கவில்லை. தூரமில்லை, இதோ வந்துவிடும், நீ உன் ஆளைக் கொண்டுபோய்ச் சேர் என்றிருக்கிறார். அவள் பொய்யை அவளுக்கே திருப்பிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முன்னால் போகிற எஸ்கார்ட் பின்னால் வருகிறவளுக்கு வழி சொல்லாமல் போவாரா?

மகள் பிடித்த கையை விடவில்லை. வாய்ப்பூட்டு மறுபடியும் தள்ள ஆரம்பித்தான். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. மகள் ஒவ்வொன்றையும் வாய்க்குள் எண்ணினாள். தியேட்டர் வாசலில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது, உறவினர்கள் அதைத் தாண்டக் கூடாது. எத்தனையோ ஆயிரம் தடவை தாண்டின கோடு. இன்றைக்கு நின்றாள். உள்ளிருந்து வந்த சிஸ்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டு வாய்ப்பூட்டிடம் கொடுத்தார். கதவு சாத்துவதற்கு முன்னால், பச்சைப் போர்வைக்குள்ளிருந்து மகளின் கை வெளியே வந்தது. இரண்டு விரல்.

இவளும் காட்டினாள்.

பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு மகள் செருப்புப் பையோடு உட்கார்ந்திருந்த அதே பெஞ்ச். மகளின் செருப்பு இப்போது இவள் மடியில். உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துக் கழுத்து ஈரமாக இருப்பதுபோல் தோன்றியது. ஏ.சி. சொட்டுகிறதோ என்று நிமிர்ந்து பார்த்தாள். இல்லை, கண்தான். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. மரத்த கால் விடும்போது சுருக்சுருக்கென்று குத்துமே, அப்படி நெஞ்சு முழுக்கக் குத்தியது. தாங்க முடியாமல் வலித்தது. காகிதத்தோடு திரும்பி வந்த மாப்பிள்ளை பயந்துபோய், அத்தை, உள்ளே ஏதாவது சொன்னாங்களா என்றார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பாதியில் சூப்பர்வைசர் வேறு வந்தார். இரண்டு பேர் வரவில்லை, எக்ஸ்ரேவுக்கு ஒரே ஒருத்தர் காத்திருக்கிறார், ஐந்து நிமிஷ வேலை என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் முழங்கால் தன்னால் எழப் பார்த்தது. அதை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள்.

நான் இன்னைக்கு லீவு சார் என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவள் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கதவு திறந்து ஸ்ட்ரெச்சர் வந்தது. மகளின் முகம் வெளுத்திருந்தது, ஆனால் மூச்சு சீராக ஏறி இறங்கியது. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, உறவினர் யாராவது பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க என்று சிஸ்டர் சீட்டை நீட்டினார். மாப்பிள்ளை கையை நீட்டினார், பிறகு என்ன நினைத்தாரோ, பேனாவை வாங்கி இவளிடம் கொடுத்தார்.

பதினொரு வருஷமாக ஒப்படைத்தவர் என்கிற கட்டத்திலேயே போட்டுப் பழகின கை. அங்கேதான் போகப் பார்த்தது. அவள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, பெற்றுக்கொண்டவர் என்கிற இடத்தில் வைத்து, தன் பெயரை மெதுவாக எழுதினாள். பக்கத்தில் தாய் என்று எழுதினாள். நேரத்தையும் போட்டாள்.

மகள் பாதிக் கண் திறந்தாள். மயக்கம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை, நாக்கு குழறியது.

"கையெழுத்து ஆயிடுச்சாம்மா?"

"ஆயிடுச்சுடி," என்றாள்.